எதிராளி இல்லாத ஊர்

ஃபைட்டிங் கேம் என்ற வகைக்கு நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பேர் வேண்டும். திரையின் இடப்பக்கம் ஒருத்தர், வலப்பக்கம் ஒருத்தர். மேலே இரண்டு பேருடைய உயிரும் இரண்டு கோடாகக் குறைந்துகொண்டே வரும். நடுவில் கடிகாரம். நம்ம பக்கம் ‘ஒத்தைக்கு ஒத்தை வாறியா?’ என்று கேட்பார்களே, அதேதான். ஃபுட்பாலைச் சுவரில் உதைத்துப் பழகலாம். பாடத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்கலாம். இங்கே எதிரே ஒருத்தர் இல்லாவிட்டால் ஆட்டமே கிடையாது.

தென்காசிக்குப் பக்கத்தில், அனுமன் நதிக்கரையில் இருக்கும் ஆய்க்குடி ஒரு பேரூராட்சி. வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஊரைப் பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலாலும் படிப்பாயசத்தாலும் தெரியும். இப்படி ஒரு ஊரில் ஒரு பையனோ பொண்ணோ ‘டெக்கன்’ கத்துக்கணும்னு உட்கார்ந்தா, எப்படி அடிக்கிறது என்ற கேள்வி ரெண்டாவதுதான். முதல் கேள்வி, யாரோட ஆடுறது? கூடப் படிக்கிற பசங்க போனில் துப்பாக்கி கேம் ஆடுவாங்க, இல்லன்னா கிரவுண்டுக்குப் போயிடுவாங்க. மிஞ்சுவது கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டரோடு ஆடிப் பழகியவர்களை இந்த விளையாட்டின் உலகம் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கும். ‘சிபியு-வ அடிச்சுட்டு வந்து பேசாத’ என்பது எல்லா ஊரிலும் புழங்கும் வசனம். இந்த இளக்காரத்தில் பாதி உண்மை, பாதி பெரிய ஊர்த் திமிர். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கணும்னா, அந்த எதிராளியை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று பின்னால் போய்த்தான் பார்க்கணும்.

காசுக்காக அடித்தவன்

1976-ல் ஜப்பானின் சேகா நிறுவனம் ‘ஹெவிவெயிட் சாம்ப்’ என்ற குத்துச்சண்டை ஆட்டத்தை வெளியிட்டது. குத்துச்சண்டைக் கையுறை வடிவத்தில் இருந்த பிடியில் கையை மாட்டிக்கொண்டு ஆட வேண்டும். 1984-ல் வந்த ‘கராத்தே சாம்ப்’பில் பொத்தானே கிடையாது, ஆளுக்கு இரண்டு ஜாய்ஸ்டிக். அதை ஒட்டி கோனாமியின் ‘யீ ஆர் குங்-ஃபூ’ வந்தது. சங்கிலி, தடி, விசிறி என்று பல எதிராளிகளுக்கு வெவ்வேறு ஆயுதம், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஆட்ட முறை. 90-களில் டிவி கேம் பெட்டியில் மஞ்சள் கேசட் சொருகி ஆடியவர்களில் பலர் இதன் பெயர் தெரியாமலேயே இதை ஆடியிருப்பார்கள். வந்தவனையே திரும்பத் திரும்பப் பார்த்து, அவன் எப்போ பாய்வான், எப்போ நிற்பான் என்று மனப்பாடம் செய்வதுதான் அந்தக் காலத்தில் ‘கத்துக்கிறது’.

1991-ல் காப்காம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-ஐக் கொண்டுவந்தது. ஆறு பொத்தான், தேர்ந்தெடுக்க எட்டுப் பேர், அதில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்த தால்சிம் என்ற யோகி. இன்றைக்கு இந்த வகையில் இருக்கும் ஏறத்தாழ எல்லா ஆட்டத்துக்கும் இலக்கணம் எழுதியது அதுதான். ஆனால் அது ஒரு ஆர்கேட் மெஷின். காசு போட்டால் ஓடும் பெட்டி. அதற்குள் இருந்த கம்ப்யூட்டர் எதிராளியின் வேலை சில நிமிஷத்தில் நம்மைத் தோற்கடித்து அடுத்த காசைப் போட வைப்பது. கற்றுக்கொடுப்பது அவன் வேலைப் பட்டியலிலேயே இல்லை. எவ்வளவு கடினமாக அடிக்க வேண்டும் என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சின்ன சுவிட்சுகளை வைத்து முதலாளியே மாற்றிக்கொள்ள முடியும்.

அந்த எதிராளிக்கு நம்ம விதிகளும் பொருந்தாது. கைல் என்ற பட்டாளத்துக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய ‘சோனிக் பூம்’ வீச்சுக்கு நாம் ஜாய்ஸ்டிக்கைப் பின்பக்கம் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடித்திருந்து, பிறகு முன்னால் தள்ளி, குத்துப் பொத்தானைத் தட்ட வேண்டும். கம்ப்யூட்டர் ஆடும் கைலுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. முன்னால் நடந்து வந்துகொண்டே வீசுவான். போதாததற்கு, நம்ம விரல் பொத்தானில் பட்ட சேதி படமாகத் திரையில் தெரிவதற்கு முன்பே நிரலுக்குத் தெரிந்துவிடும். பரிட்சையில் நம்ம விடைத்தாளைப் பார்த்துவிட்டு எழுதுகிறவனோடு போட்டி போடுவது மாதிரி.

இப்படிப்பட்டவனை ஜெயிக்க ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? அவனுடைய நிரலில் இருக்கும் ஓட்டையைத் தேடினார்கள். ஒரு குறிப்பிட்ட தூரத்தில் நின்று தாவி உதைத்தால் அவன் தடுக்க மாட்டான் என்று தெரிந்துவிட்டால் போதும், கடைசிவரை அதே உதைதான். ஜெயிக்கலாம். ஆனால் அந்த உதையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மனுஷனிடம் காட்டினால் இரண்டாவது தடவை அவன் கீழே தட்டி விடுவான். இளக்காரத்தில் இருக்கும் பாதி உண்மை இதுதான்: கம்ப்யூட்டரை ஜெயிக்கக் கற்றவன் கம்ப்யூட்டரை ஜெயிக்க மட்டுமே கற்றிருப்பான்.

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ பெரிய வெற்றி பெற்றதற்குக் காரணமும் கம்ப்யூட்டர் இல்லை. நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒருத்தன் வந்து காசு போட்டு உங்களைச் சவாலுக்கு இழுக்கலாம். ஜெயித்தவன் நிற்பான், தோற்றவன் வரிசையின் கடைசிக்குப் போவான். இது தமிழ்நாட்டுக்குப் புதிய விஷயமும் இல்லை. சென்னை சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் தொடங்கிய தால் செஸ் கிளப்பில், சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் மின்னல் வேக ஆட்டங்கள் ஆடிப் பழகியது இதே விதியில்தான். ஜெயித்தால் நாற்காலி உன்னுது. தோற்றால் எழுந்து போய் வரிசையில் நில். நல்ல எதிராளிகள் வரிசையாக வந்து உட்காரும் ஒரு அறை இருந்தால் ஒரு திறமை எவ்வளவு வேகமாக வளரும் என்பதற்கு 1988-ல் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் கிராண்ட்மாஸ்டரே சாட்சி. அந்த அறை சென்னையில் இருந்தது. ஆய்க்குடியில் இல்லை.

திருப்பி அடிக்காத கார்

இந்த வகை ஆட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று காம்போ. ஒரு அடி பட்டதும் எதிராளி சுதாரிப்பதற்குள் அடுத்த அடி, அதற்குள் இன்னொன்று. இதை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-ல் நடுநடுவே ஒரு போனஸ் சுற்று வரும்: நிற்கும் ஒரு காரை நேரத்துக்குள் அடித்து நொறுக்க வேண்டும். தயாரிப்பில் இருந்த நோரிடாகா ஃபுனாமிஸு அந்தச் சுற்றைச் சோதித்துப் பார்த்தபோது ஒரு அடி முழுசாக முடிவதற்குள் அடுத்த அடியைச் செருக முடிகிறது என்று கவனித்தார். பிழைதான். ஆனால் அந்த இடைவெளியைப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்ததால், இது எல்லோருக்கும் கைகூடாது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பிழையின் மேல்தான் பிற்பாடு ஒரு உலகமே கட்டப்பட்டது.

அந்தக் கண்டுபிடிப்பு நடந்தது திருப்பி அடிக்காத ஒரு காரின் முன்னால் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். எதிராளி அடிக்கும்போது நாம் பயத்தில் ஆடுகிறோம். அடிக்காதபோதுதான் நம்ம கை என்ன செய்கிறது என்பதே கண்ணுக்குத் தெரிகிறது.

இது பழைய அறிவு. சிலம்பத்தில் வந்த அன்றைக்கே யாரும் எதிரே ஆளை நிறுத்தி அடிக்கச் சொல்வதில்லை. முதலில் காலடி, சுவடு. தனியாக வெறும் தரையில் மணிக்கணக்காக. பிறகு கம்பு சுழற்றல். அதற்கப்புறம்தான் ஆள். சீனத்து விங் சுன் கலையில் கைகள் முளைத்த ஒரு மரப்பொம்மை உண்டு. ‘இப் மேன்’ படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொம்மைக்குக் கோபம் வராது, ஏமாற்றத் தெரியாது. அதனால்தான் அதன் முன்னால் கோணத்தைச் சரிசெய்ய முடிகிறது.

ஆர்கேடிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கம்ப்யூட்டர் இந்த மரப்பொம்மையாக மாறியது. வீட்டில் அடுத்த காசு என்ற பேச்சே இல்லையே. 90-களின் நடுவில் கன்சோல் பதிப்புகளில் பயிற்சி முறை என்று ஒரு பகுதி சேர்ந்தது. பிளேஸ்டேஷனில் 1998-ல் வந்த ‘டெக்கன் 3’-ல் அது இருந்தது. 2000-களில் எமுலேட்டர் வழியாகப் பிசிக்குள் புகுந்து நம்ம ஊர் கம்ப்யூட்டர்களில் நிறைந்துபோன ஆட்டம் இது. ஆனால் அந்தப் பயிற்சிப் பகுதியைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? எடி கோர்டோவை எடுத்து, உதைக்கும் பொத்தான் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தட்டித் தள்ளியவர்கள்தான் அதிகம். கம்ப்யூட்டரை ஜெயிக்க அதுவே போதுமாக இருந்தது.

2001-ல் வந்த ‘வெர்ச்சுவா ஃபைட்டர் 4’-உம் அதன் ‘எவல்யூஷன்’ பதிப்பும் பயிற்சி முறையை ஒரு பள்ளிக்கூடமாகவே ஆக்கின. பொம்மை நிற்கணுமா, குனியணுமா, தடுக்கணுமா, அடி பட்டதும் திருப்பி அடிக்கணுமா, எல்லாம் நம்ம விருப்பம். பின்னால் வந்த ஆட்டங்களில் இன்னொரு வசதி பரவலானது: பொம்மை என்ன செய்ய வேண்டும் என்று நாமே ஆடிப் பதிவுசெய்து, அதைத் திரும்ப ஓடவிட்டு, அதற்கு எதிராகப் பழகலாம். தாவி வருகிறவனைக் கீழே தட்டத் தெரியவில்லையா? பொம்மையைத் தாவ விட்டுப் பதிவுசெய். நூறு தடவை தாவட்டும். நூறு தடவை தட்டு.

ஏன் நூறு தடவை? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த ஆட்டங்கள் வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகின்றன. ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 17 மில்லி வினாடி. கண்ணால் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைய மனுஷனுக்குச் சராசரியாக 200 முதல் 250 மில்லி வினாடி ஆகும். அதாவது 12 முதல் 15 ஃப்ரேம். ‘டெக்கன்’னில் வேகமான குத்து 10 ஃப்ரேமில் வந்து சேர்ந்துவிடும். பார்த்துத் தடுப்பது நடக்காத காரியம். எது வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கணும். ஊகம் சரியென்றால் பதிலடி யோசிக்காமல் விரலிலிருந்து வரணும். யோசிக்காமல் வரும் பகுதியைப் பொம்மை கற்றுத்தரும். ஊகிக்கும் பகுதியை அதனால் கற்றுத்தர முடியாது. அதற்கு எதிரே ஒரு மனசு வேண்டும்.

லாகூரின் கூட்டம்

2004 ஆகஸ்டில், அமெரிக்காவின் பொமோனாவில் நடந்த ‘ஈவோ’ போட்டியில் ஜப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கும் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்’ ஆடினார்கள். டைகோவுக்கு உயிர்க்கோடு நூலிழை மட்டும்தான் மிச்சம். இனி தடுத்தாலும் சாவு. ஜஸ்டின் தன் பெரிய தாக்குதலை அவிழ்த்துவிடுகிறார், அடுத்தடுத்து 15 அடி. ஒவ்வொரு அடியையும் அது படும் கணத்தில் முன்பக்கம் தட்டித் தட்டி உதிர்த்துவிட்டு, டைகோ திருப்பி அடித்து ஜெயிக்கிறார். அந்தக் காணொளி இன்றும் சுற்றுகிறது.

அந்தப் 15 தட்டல்களின் தாளத்தை ஒரு பொம்மையின் முன்னால் பழகிவிடலாம். ஆனால் முதல் தட்டலை, தாக்குதல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். ‘இந்த ஆள் இப்போ பொறுமை இழப்பான்’ என்று தெரிந்திருக்க வேண்டும். அது ஜஸ்டின் என்ற மனுஷனைப் படித்தது.

இதன் பெரிய உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2019 பிப்ரவரியில் ஜப்பானில் நடந்த ஈவோ போட்டிக்குப் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து அர்ஸ்லான் ஆஷ் என்கிற அர்ஸ்லான் சித்திக் வந்தார். விசா சிக்கலில் அலைந்து, களைத்துப்போய் வந்து சேர்ந்தவர். உலக அரங்கில் அவரை யாருக்கும் தெரியாது. ‘டெக்கன் 7’ பட்டத்தை ஜெயித்தார். அதே ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோவிலும் ஜெயித்தார். இறுதியில் தோற்றவர் கொரியாவின் பே ஜே-மின், ‘நீ’ (முழங்கால்) என்ற பட்டப்பெயருக்கு உரிய ஜாம்பவான். அதைவிட அதிர்ச்சி அர்ஸ்லான் சொன்ன சேதியில் இருந்தது: எங்க ஊரில் இன்னும் இப்படிப் பலர் இருக்கிறார்கள்.

எப்படி முடிந்தது? லாகூரில் ஆர்கேட் கடைகள் செத்துப்போகாமல் இருந்தன. டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, தோற்றால் எழுந்துபோகிற பழைய விதி அங்கே உயிரோடு இருந்தது. தால் செஸ் கிளப்பின் அதே விதி. வெளியுலகம் கவனிக்காத ஒரு ஊரில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவரை ஒருவர் அடித்தே கூர்மையானார்கள். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ பதக்கப் போட்டியானபோது இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் போனார்கள். தங்கம் வாங்கிய கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு வயது 44. சின்ன வயதில் ஆர்கேடில் தொடங்கியவர். ஆர்கேடின் வரிசை ஒருவருக்கு எத்தனை வருஷச் சொத்து என்பதற்கு அவருடைய வயசே கணக்கு.

எதிராளி என்பது குடிதண்ணீர் மாதிரி ஒரு வசதி. சில ஊருக்குக் குழாயில் வருகிறது. சில ஊரில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையணும். பெரிய ஊர்த் திமிர் என்று முதலில் சொன்னது இதைத்தான். ‘மனுஷனோட ஆடு’ என்று அறிவுரை சொல்பவர்களின் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது.

ஆவிகள்

ஆளே இல்லாத இடத்துக்கு ஆளுடைய நகலைக் கொண்டுபோக முடியுமா என்று ஆட்டம் தயாரிப்பவர்களும் யோசித்தார்கள். ‘வெர்ச்சுவா ஃபைட்டர் 4 எவல்யூஷன்’னில் ஜப்பானிய ஆர்கேடுகளின் நிஜ ஆட்டக்காரர்களை மாதிரியாக வைத்துச் செய்த எதிராளிகள் இருந்தார்கள். டோக்கியோ பக்கமே போகாதவர்கூட அங்கே ஒருத்தர் எப்படி ஆடுவார் என்று ருசி பார்க்கலாம். ‘டெக்கன் 5’ காலத்தில் இதற்கு ‘கோஸ்ட்’ என்று பெயர் வந்தது, ஆவி. ஒருத்தருடைய ஆட்டப் பழக்கங்களைப் பதிவாக்கி இன்னொருத்தர் அதோடு மோதலாம். 2024 ஜனவரியில் வந்த ‘டெக்கன் 8’-ல் ஆவி நம்மோடு ஆட ஆட நம்மையே கற்றுக்கொள்கிறது. தோற்கும் நேரத்தில் நாம் பதறித் தாவுவோம் என்றால் அதுவும் தாவும். வேறு யாரும் எடுத்துச் சொல்லாத நம்ம கெட்ட பழக்கத்தை எதிரே நின்று காட்டும். 1991-ல் நம்ம காசைப் பிடுங்க வந்தவன், முப்பத்து மூன்று வருஷத்தில் நம்ம முகத்தைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான்.

‘இப்போதான் இன்டர்நெட் இருக்கே, நிஜ ஆளோடயே ஆடலாமே?’ ஆடலாம். ஆனால் தென்காசிப் பக்கத்திலிருந்து டோக்கியோ நேர்க்கோட்டில் சுமார் 7,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வரக் குறைந்தது 70 மில்லி வினாடி, அதாவது 4 ஃப்ரேமுக்கு மேல். கேபிள் நேர்க்கோட்டிலும் போகாது, நடுவில் எத்தனையோ பெட்டிகள் உண்டு. நிஜத்தில் இன்னும் கூடும். இந்தத் தாமதத்தை மறைக்க ரோல்பேக் என்ற உத்தி உண்டு: எதிராளி என்ன செய்வார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டிவிட்டு, ஊகம் தப்பானால் சத்தமில்லாமல் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். நல்ல உத்தி. ஆனாலும் தூரம் தூரம்தான். ஆய்க்குடிக்கு ஆள் வந்து சேர்வதற்குள் சில ஃப்ரேம் தேய்ந்துவிடுகிறது.

பயிற்சி என்ற சொல்

ஆய்க்குடிக்குப் பயிற்சியைப் பற்றி இன்னொரு வரலாறு உண்டு. இந்த ஊர்க்காரரான எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல், ஐ.நா. அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டில், சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு மையமாக நாடறிந்த நிறுவனம் அது. மறுவாழ்வுப் பயிற்சி நடக்கும் எந்த இடத்திலும் எதிரே மனுஷ எதிராளி கிடையாது. இரண்டு கம்பி, ஒரு பந்து, ஒரு படிக்கட்டு. அதே அசைவு, நேற்றைப் போல இன்றைக்கும். பொம்மையோடு பழகுவதை அங்கே யாரும் இளக்காரம் செய்ய மாட்டார்கள்.

இந்த இரண்டு வரலாறும் சந்திக்கும் இடத்தில் ஒருத்தர் இருந்தார். டெக்சாஸின் மைக் பேகம், களத்தில் ‘புரோலிலெக்ஸ்’. பிறவியிலேயே மூட்டுகள் இறுகிய நிலையால் கைகால்களைப் பயன்படுத்த முடியாதவர். சாதாரண கன்ட்ரோலரை முகத்தோடு சேர்த்துவைத்து, முகத்தாலும் நாக்காலும் அழுத்தி ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆடினார். சுன்-லி பாத்திரத்தில் தேர்ந்த ஆட்டக்காரர் என்று பேர் வாங்கி, பெரிய போட்டிகளில் ஆடி, மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். 2024-ல் காலமானார். நெதர்லாந்தின் ஸ்வென் வான் டி வெகே பார்வையற்றவர். அடியின் சத்தம், காலடியின் சத்தம் இதையெல்லாம் காதால் பிரித்தறிந்து ஆடுகிறார். 2023-ல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைச் சத்தத்தாலேயே சொல்லும் வசதியோடு வந்தது. ஒரு சத்தம் எந்த உதைக்கு உரியது என்று காதுக்குப் பழக, அந்த உதையை அலுக்காமல் ஆயிரம் தடவை உதைக்க ஒரு ஆள் வேண்டும். எந்த நண்பனும் அதைச் செய்ய மாட்டான். பொம்மை செய்யும்.

அதனால் கம்ப்யூட்டரோடு ஆடுவதா, மனுஷனோடு ஆடுவதா என்று கேட்பதைவிட, எதை யாரிடம் கற்பது என்று கேட்பதுதான் பிரயோஜனம். செஸ்ஸிலும் இந்தக் கேள்வி வந்தது. 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷை, அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நெடுங்காலம் கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே விடாமல் வளர்த்தார். எஞ்சின் விடையைச் சொல்லிவிட்டால் பையன் யோசிக்க மாட்டான் என்ற பயம். செஸ்ஸில் கஷ்டமான பகுதி யோசனை என்பதால் அங்கே அது சரி. ஃபைட்டிங் கேமில் யோசனைக்கு முன்னால் விரல் என்று ஒரு படி இருக்கிறது. அந்தப் படிக்கு மெஷின் நல்ல வாத்தியார். ஆர்கேட் முறையில் கம்ப்யூட்டரை ஜெயித்துக் காட்டுவதில் நேரத்தைக் கொட்டாமல், பயிற்சி முறையைத் திறந்து மூன்று வேலை பழகினால் போதும்: தாவி வருகிறவனைத் தட்டுவது, தடுத்த அடிக்குத் தவறாமல் பதிலடி கொடுப்பது, ஒரே ஒரு காம்போவை இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் பிசகாமல் முடிப்பது.

அதற்குப் பிறகு ஆள் தேடணும். இதை எந்த ஆவியும் நமக்காகச் செய்யாது. லாகூரிலும் ஆட்டக்காரர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் கற்றுக்கொடுத்து உண்டாக்கினான். ஆய்க்குடியில் பொம்மையோடு மூன்று மாசம் பழகிய பையனிடம் இப்போது பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காட்ட மூன்று விஷயம் இருக்கிறது. இன்னொரு கன்ட்ரோலர் வாங்கிக்கொண்டு, ‘ஏலே, ஒத்தைக்கு ஒத்தை வாறியா?’ என்று கேட்டால், முதல் மாசம் பூராவும் அந்தப் பையன் தோற்பான். அவன் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அடுத்த பயிற்சி.